நாளைக்கு ஷிப்டு

பக்கத்து வீட்டு அக்கா எதற்கும் அவசரப்படுகிறவள் இல்லை. சோறு பொங்கி வழிந்தாலும் நிதானமாகத்தான் எழுந்து போவாள். குழாயில் தண்ணீர் வந்து தெருவே குடத்தோடு ஓடும்போது கடைசி ஆளாக வந்து நிற்பாள். ஆனால் காலையில் அவள் கணவர் கண் விழித்து, பாயில் எழுந்து உட்கார்ந்து, "மணி இன்னா?" என்று கேட்டுவிட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அவரைச் சிரிக்க வைத்தாக வேண்டும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சின்னவன் கிளம்பிட்டானா?"

சின்னவன் அவருடைய தம்பி. செத்துப் போயிருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சேதி அவருக்கு மட்டும் தெரியாது. சொன்னால் தெரியும். தூங்கி எழுந்தால் மறுபடி தெரியாது.

நான் கல்யாணம் முடிந்து ஆம்பூருக்குக் குடிவந்தது எழுபதுகளின் கடைசியில். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், நீளமான ஒரே ஓட்டுக் கூரையை அறுத்து அறுத்து வைத்த மாதிரி வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். என் வீட்டுக்காரர் ஆலங்காயம் பக்கத்தில் வாத்தியார். காலை முதல் பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். பகலெல்லாம் எனக்கு அக்காதான். இருவரும் ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கைத்தையல் போட்டோம். வெட்டிய தோலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தருவார்கள். மெழுகு நூலால் முன்பக்கத்தைச் சுருக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தால், வந்து வாங்கிப் போவார்கள். அக்கா வீட்டு வாசற்படியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைப்போம்.

சின்னவன் செத்த விபத்து நடந்தது நான் வருவதற்குச் சில மாதம் முன்னால். தெருவில் ஆளாளுக்குச் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அண்ணன் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரி. அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சின்னவனும் அதே டேனரிதான். கழிவுத் தண்ணீர்க் குழியில் சேறு அடைத்துக்கொண்டதென்று சின்னவனை இறக்கினார்கள். உள்ளே விஷக்காற்று, இறங்கியவனிடமிருந்து சத்தமே வரவில்லை. அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் குதித்தார். கயிறு போட்டு இரண்டு பேரையும் மேலே இழுத்தபோது சின்னவனுக்கு உயிர் இல்லை. அண்ணனுக்கு இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்துவிட்டு வீடு திரும்பினார். நடந்தார், சாப்பிட்டார், பழைய ஞானப்பாட்டெல்லாம் ஒரு வார்த்தை தவறாமல் பாடினார். புதிதாக எதுவும் மட்டும் அவரிடம் தங்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவருக்கு விபத்து நடந்த அந்தக் காலையாகவே இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் அக்கா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். திரும்பத் திரும்பச் சொன்னால் என்றைக்காவது பதிந்துவிடும் என்று அவளுக்கும் ஒரு நம்பிக்கை. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். அந்தப் பக்கம் "சின்னவன் கிளம்பிட்டானா?" என்று கேட்கும். கொஞ்ச நேரம் அக்காவின் தாழ்ந்த குரல். பிறகு அந்த அலறல். ஒரு சாவுக்கு மனிதன் ஒருமுறைதான் அப்படி அழுவான். அண்ணன் தினமும் அழுதார். தினமும் அவருக்கு அது புதுச் சாவு. நான் பால் பாத்திரத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

ஒருநாள் அக்கா சொல்லி முடித்ததும் அண்ணன் அழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நேராக டேனரிக்கு. அந்தக் குழியை அப்போது சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் படுத்து, தம்பி உள்ளே இருக்கிறான் என்று கத்திக்கொண்டே கையால் பிறாண்டியிருக்கிறார். வாட்ச்மேன் கூட்டி வந்து விட்டபோது நகமெல்லாம் பிய்ந்து ரத்தம். அக்கா மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள்.

மறுநாள் காலை அண்ணன் எழுந்ததும் கையைத்தான் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"இது இன்னா? கையில இன்னா கட்டு?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நேத்து நீங்க பண்ண வேலதான். நாளைக்கு இன்னும் தோலு மாரி சுண்ணாம்புக் குழியில ஊறிக்கினு கெடந்துச்சு. எல்லாருக்கும் முன்னால பாத்துடணும்னு கைய வுட்டு உருவுனீங்க. வெந்துடுச்சு."

"எது?"

"நாளைக்கு. நாளைக்குங்க. பச்ச நாளைக்கு. மேஸ்திரி மாரியா வேல செய்றீங்க? வெறுங்கைய எவனாச்சும் குழியில வுடுவானா?"

அண்ணன் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று அக்கா பிறகு சொன்னாள். சிரித்து முடித்து, "சின்னவன் எங்க?" என்று கேட்டார்.

"அவன் அங்கதான். நாளைக்கு ஷிப்டுல போட்டுட்டாங்க."

அண்ணன் இன்னும் பலமாகச் சிரித்தார். "அந்தச் சோம்பேறியவா?"

அக்காவின் நாவல் அன்று அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்கியது. நாவல் என்று பெயர் வைத்தது ஷூ கம்பெனியிலிருந்து தோல் மூட்டை தூக்கி வரும் பாய். அக்கா அதைக் "காலைக் கதை" என்றுதான் சொல்வாள்.

அதை எழுதி வைக்க வேண்டிய அவசியம் சீக்கிரமே வந்தது. ஒரு வார்த்தை மாறினால் அண்ணனுக்குச் சிரிப்பு வராது. நேற்று நன்றாக வேலை செய்த இடத்தில் இன்று கொஞ்சம் நீட்டிவிட்டால் அவர் முகம் வாடும். உடனே அந்தக் கேள்வி வந்துவிடும். அதனால் தோல் வெட்ட அளவு வைத்துவிட்டு ஷூ கம்பெனி தூக்கிப்போடும் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு பக்கம் குதிகால் மாதிரி வளைந்திருக்கும், இன்னொரு பக்கம் நாக்கு மாதிரி நீண்டிருக்கும். அந்த வளைவுக்குள் பொடி எழுத்தில் வரிகள். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.தான். ஆனால் வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் வாசிப்பாள். வாசகசாலையில் இருந்து வாங்கி வந்ததைச் சில சமயம் திருப்பிக் கொடுக்கவும் மாட்டாள்.

முதல் வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"எங்கள் ஊருக்குக் காலம் கூட்ஸ் வண்டியில் வரும். உப்பு தடவி, மடித்து, கட்டுக் கட்டாக வரும். பச்சைக் காலத்தை அப்படியே உபயோகிக்க முடியாது, நாறும். முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட வேண்டும். ஊறினால் மேலே இருக்கிற மயிர் கழன்று வரும். அந்த மயிருக்குப் பெயர் அவசரம். பிறகு ஆவாரம் பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதமாக்கி, பலகையில் இழுத்து ஆணி அடிப்பார்கள். நல்ல மேஸ்திரி இழுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம் நீளும். திங்கட்கிழமையை யாரும் இழுப்பதில்லை. அது தானாகவே நீளும்."

இங்கே முதல் சிரிப்பு வரும். மேஸ்திரி அல்லவா, அவருக்கு அது உறைக்கும்.

கதையில் ஒரு கத்துக்குட்டி ஆணியைத் தப்பாக அடித்து வியாழக்கிழமையில் ஒரு ஓட்டை விழுந்துவிடும். ஆட்டுத் திருடன் ஒருவன் அந்த ஓட்டைக்குள் குதித்துவிடுவான். துரத்திப் போன கான்ஸ்டபிளும் குதித்து, போன செவ்வாய்க்கிழமையில் போய் விழுவார். விழுந்த வேகத்தில் லத்தி எங்கோ போய்விடும். அங்கே புளியமரத்தடியில் செவ்வாய்க்கிழமைக் கான்ஸ்டபிள், அதாவது அவரே, உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார். இருக்கிற ஒரு லத்திக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டருக்கு எது அசல் என்று தெரியாமல் பெண்டாட்டியை வரவழைத்துக் காட்டுவார். அவள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூணாவது ஏதாச்சும் இருக்குதா?" என்பாள். அண்ணன் அந்த இடத்தில் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு நானும் சிரிப்பேன். எத்தனை காலை கேட்டிருந்தாலும் சிரிப்பேன். சிரிக்காமல் இருக்க எனக்குப் பயமாகவும் இருந்தது.

அண்ணனைக் குழப்புகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கதையில் ஒரு பதில் இருந்தது. சுவரில் காலண்டர் ஏன் வேறு மாதத்தைக் காட்டுகிறது, தன் தாடியில் ஏன் நரை, பக்கத்து வீட்டில் இருந்த கிழவருக்குப் பதிலாக ஏன் ஒரு புதுப் பெண். கதைப்படி நான் அடுத்த வருஷத்திலிருந்து ஓட்டை வழியாகத் தவறி விழுந்தவள். அண்ணன் தினமும் என்னைப் பார்த்து ஆச்சரியமாகக் கேட்பார்:

"ஏம்மா, அங்க அரிசி வெல இன்னா?"

"ஜாஸ்திண்ணா."

"அப்ப நீ திரும்பிப் போவாத. இங்கயே இரு."

சின்னவன் வருவது கடைசியில். ஊரிலேயே பெரிய சோம்பேறியை முதலாளி நாளைக்கு ஷிப்டில் போட்டுவிடுவார். எல்லாரும் வந்து சேருவதற்குள் நாளையைத் தயார் செய்ய வேண்டும். வீதி பெருக்க வேண்டும், காக்கையை எழுப்பிவிட வேண்டும், டீ போட்டு வைக்க வேண்டும். நாம் போய்ச் சேரும்போது அவன் அடுத்த நாளுக்குக் கிளம்பியிருப்பான். டீ மட்டும் சூடாக இருக்கும். இந்த வரியைப் படித்துவிட்டு அக்கா டம்ளரை நீட்டுவாள். வேண்டுமென்றே சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பாள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அவன் போட்ட டீதான். சக்கர ஜாஸ்தி" என்று சிரிப்பார். அதன்பிறகு மத்தியானம் வரை பயமில்லை. மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவார். சாயங்காலம் எழுந்தால் மந்தமாக உட்கார்ந்திருப்பாரே தவிர, ஷிப்டு ஞாபகம் வராது.

சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படி இல்லை. படிக்கும்போது அக்காவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அட்டையைப் பிடித்த கை வேர்த்து மசி கலையும். முதல் சிரிப்பு வரும்வரை அவள் மூச்சு விடுவதே தெரியாது.

ஒருமுறை வேலூருக்கு அவர்களோடு நானும் போனேன். டாக்டர் அண்ணனிடம் இது எந்த வருஷம் என்று கேட்டார். அண்ணன் விபத்து நடந்த வருஷத்தைச் சொன்னார். டாக்டர் இல்லை என்று திருத்தினார். அண்ணன் கலவரத்தோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் சார் கொஞ்சம் ஃபாஸ்ட்டுங்க. சாவி ஜாஸ்தி குடுத்துட்டாங்க," என்றாள் அக்கா.

அண்ணன் சிரித்தார், டாக்டரும் சிரித்துவிட்டார். அப்புறம் அக்காவை மட்டும் வெளியே கூப்பிட்டு, மூச்சு நின்றிருந்த நேரத்தில் மூளையில் செத்துப்போனது திரும்ப வராது, தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், குழப்பாதீர்கள் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். பள்ளிகொண்டா தாண்டியதும் அக்கா என்னிடம் கேட்டாள்.

"ஒரு நாளு அவருக்கு சிரிப்பு வரலன்னா இன்னாடி பண்ணுவேன்?"

அண்ணனின் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் துண்டை மடித்து வைத்தேன்.

அந்த நாளும் வந்தது. மழைக்காலத்தில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. காலையில் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். அட்டைகளை என் கையில் திணித்தாள். நான் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல்தான் படித்தேன். கூட்ஸ் வண்டி போனது, திங்கட்கிழமை போனது, இரண்டு கான்ஸ்டபிளும் போனார்கள். அண்ணன் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் யார், ஏன் தன் வீட்டில் உட்கார்ந்து எதையோ படிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் சாய்ந்தபடி உதட்டை அசைத்து நான் படிக்கும் வரிகளைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

"சின்னவன் கிளம்பிட்டானா?" என்றார்.

அடுத்த வரியைத் தேடி அட்டையைப் புரட்டினேன். அதற்குள் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

டேனரி வாசலில் ஷிப்டு மாறுகிற கூட்டம். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, "சின்னவனப் பாத்தியா? என் தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்கு விவரம் தெரியாது.

"குழியில செத்துட்டானே, அவனா?" என்றான்.

அண்ணன் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. அந்த அலறல் வருவதற்கு முந்தைய முகம் அது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேனே தவிர நேரில் பார்த்தது அன்றுதான்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. சட்டென்று யார் கையிலிருந்தோ ஒரு குடையைப் பிடுங்கினாள். தடால் என்று சேற்றில் உட்கார்ந்து, மடியில் இலை போட்டுச் சோறு தின்கிற மாதிரி காட்டினாள். எழுந்து இந்தப் பக்கம் ஓடி வந்து, மேலேயிருந்து விழுந்தவன் மாதிரி உருண்டாள். குடையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், ஓடிப் போய் மறு முனையைப் பிடித்து இழுத்தாள். இவனும் அவளே, அவனும் அவளே. சத்தமில்லாமல் திட்டினாள். இருவராகவும் சல்யூட் அடித்தாள். புடவை முழுக்கச் சேறு, முடி அவிழ்ந்து தொங்குகிறது, கண் காய்ச்சலில் சிவந்து கிடக்கிறது. கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, மூன்று விரலை நீட்டினாள்.

கதை தெரியாத ஆட்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. ஷிப்டு விட்டு வந்தவர்கள் எல்லாரும் என்னவோ ஏதோ என்று நின்று சிரித்தார்கள். அண்ணன் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எதுவும் தெரியாத பிள்ளை மாதிரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மூட்டை பாய்தான் காலைக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி நச்சரித்தவர். காலையில் சரக்கு வாங்க வந்தால் முழுக்கதையும் கேட்காமல் நகரமாட்டார். "இன்னாக்கா, ரெண்டு ஜோடி கம்மியா இருக்குதே?" என்பார். "சிரிச்சதுல தையல் வுட்டுப்போச்சு பாய், உங்க கணக்குல எழுதிக்குங்க" என்பாள் அக்கா. அவர் தொல்லை தாங்காமல் முதல் அத்தியாயத்தைத் தாளில் எழுதி மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கொஞ்ச நாளில் பதில் வந்தது. காலத்தைத் தோலாக்கிச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள், தொடராகப் போடலாம், மீதியை அனுப்புங்கள் என்று. பாய் தெருவில் எல்லாருக்கும் அதைக் காட்டிவிட்டு வந்தார்.

அக்கா மீதியை எழுதவில்லை.

"இன்னாத்துக்குப் பேஜாரு பண்றீங்க? ரெண்டாவது அத்தியாயம் எழுதினா யாருகிட்டப் படிக்கிறது? அவருக்குத்தான் மொத அத்தியாயமே மறுநாளு மறந்துடுதே," என்று பாயிடம் சொன்னாள்.

பாய் போனதும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னிடம் சொன்னது வேறு.

"எழுதாமயா இருக்கேன்? ஒக்காந்து ஒக்காந்து கிழிச்சிப் போடறேன். ரெண்டாவதுல அவன் வூட்டுக்கு வரணும். இல்லன்னா வரமாட்டான்னு சொல்லணும். நான் எத எழுதறது, நீ சொல்லு."

பத்திரிகைக்காரர்கள் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

இப்படியே சில வருஷம் ஓடியது. எனக்குப் பிள்ளை பிறந்தான், நடந்தான், பள்ளிக்கூடம் போனான். அண்ணனிடம் சின்னச் சின்ன மாற்றம் தெரிந்தது. இடம் மாற்றி வைத்த தண்ணீர்ப் பானையைத் தானாகப் போய் எடுத்தார். என் பையனைப் பார்த்து இது யார் என்று கேட்பதை நிறுத்தினார். அக்கா இதையெல்லாம் என்னிடம் சொல்லமாட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். சந்தோஷப்படவும் அவளுக்குப் பயம்.

ஒருநாள் காலையில் கதை வழக்கம்போல ஓடி முடிந்தது. அந்த வாரம் ரேஷனில் சர்க்கரை வராததால் டீயில் கொஞ்சம்தான் போட்டிருந்தாள். அக்கா டம்ளரை நீட்டினாள். அண்ணன் ஒரு வாய் குடித்தார்.

"சக்கர ஜாஸ்தி போட மறந்துட்ட," என்றார்.

நான் ஊசியை நிறுத்தினேன். அக்கா அட்டையைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"இன்னா சொன்னீங்க?"

"தெனமும் நீதான போடற?"

"நானா? யாரு போட்டது? சின்னவன்..."

"அவன் இல்ல," என்றார் அண்ணன். குரல் உயரவே இல்லை. "அவன் செத்துட்டான். எனக்குத் தெரியும்."

அக்கா எழுந்துவிட்டாள். மடியில் இருந்த தோலெல்லாம் கீழே கொட்டியது.

"எத்தினி நாளா? எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"என்னப் போயி நாளு கணக்கு கேக்கறியே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "காலைல எழுந்தா நெஞ்சுல கல்லு வெச்ச மாரி இருக்குது. இன்னான்னு தெரியாது. நீ படிக்கிற. நாளைக்கு ஷிப்டுன்னு சொல்ற எடத்துல உன் மூஞ்சியப் பாப்பேன். தெரிஞ்சிடும்."

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

"நான் சிரிக்கணும்னு நீ அப்படிப் பாத்துக்கினே நிக்கிற. நான் இன்னா பண்ணட்டும்?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவரிடம் கோபமா, தன்னிடமா, தெரியாது. அவர் காதில் படக் கூடாது என்று அவள் ஓடி ஓடி மறைத்ததை ஒவ்வொரு காலையும் தன் முகத்தாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். கீழே கொட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா காலைக் கதை படிக்கவில்லை. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். பஜாரில் ஒரு தோல் கடையில் சரக்கைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனார். கை மறக்காத வேலை அது. சில வருஷம் போனார், பிறகு நெஞ்சுச் சளியில் இறந்தார். அக்கா நாவலில் இன்னும் சில அத்தியாயம் எழுதினாள் என்று பாய் சொன்னார். படித்ததாகவும், முன்போலச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கீழே வைக்க முடியவில்லை என்றும் சொன்னார். அப்போது நாங்கள் சோளிங்கருக்கு மாற்றலாகிப் போயிருந்தோம். நான் அதைப் படிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த டீக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்ததும் அண்ணன் கல்லறைக்குப் போகலாம் என்றார். அடக்கம் நடந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அந்த இடத்தை அவர் பார்த்ததே இல்லை. அக்கா என்னையும் கூட வரச் சொன்னாள்.

சின்னவனின் கல்லறை மதில் ஓரமாக இருந்தது. சிமெண்டுச் சிலுவையில் பெயர் பாதி அழிந்திருந்தது. அண்ணன் குனிந்து, விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டிப் படித்தார். வெகுநேரம் நின்றார். அழப்போகிறார் என்று அக்கா அவர் பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டாள். வாய்க்குள் ஏதோ ஒரு வேடிக்கைப் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"நீ மொதமொத சொன்னப்ப நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார் அண்ணன்.

"அழுதீங்க."

"ரொம்பவா?"

"தெருவே நின்னு பாத்துச்சு. மறுநாளும் அழுதீங்க. அதுக்கு மறுநாளும். சோறு தண்ணி இல்லாம."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்குது. எல்லாம் இருக்குது."

அண்ணன் தலையாட்டினார். தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

"அப்ப நான் அழுதாச்சு," என்றார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ?"

"நானா? எனக்கு எங்க நேரம்?"

"இப்ப அழு," என்றார். "நான் இருக்கேன்."

அக்கா என்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டார். அவளைச் சிரிக்க வைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. வெயில் ஏறி, மதில் நிழல் எங்கள் காலைவிட்டு விலகிப் போகும் வரைக்கும் அவள் அழுதாள். அவர் எழுந்திருக்கச் சொல்லவில்லை.